இரத்தம் நின்ற பிறகு தொடங்கும் சிகிச்சை

கடுமையான ஹீமோஃபிலியா உடையவர்களின் உடலில் ஏற்படும் பெரிய இரத்தக்கசிவுகளில் 70 முதல் 80 விழுக்காடு மூட்டுகளுக்குள் நிகழ்கின்றன. வெளியே ஒரு துளியும் சிந்தாமல் முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளின் உள்ளே தேங்கும் அந்த இரத்தமே, தக்க சிகிச்சை கிடைக்காதபோது, பள்ளிச் சிறுவனை நொண்டவைத்து, அவன் இளைஞனாகும் முன்பே அவனுடைய முழங்காலை முதியவரின் முழங்கால்போல் தேய்த்துவிடுகிறது. குறைபட்டிருக்கும் உறைவுக் காரணியை ஊசிவழி செலுத்திக் கசிவை நிறுத்திவிட முடிவது கடந்த அரை நூற்றாண்டு மருத்துவத்தின் பெருஞ்சாதனை. ஆயினும் கசிவு நின்ற நேரத்துக்கும் மூட்டு பழைய நிலைக்குத் திரும்பும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் இருக்கின்றன; அந்த வாரங்களில் செய்யப்படுவதையும் செய்யாமல் விடப்படுவதையும் பொறுத்தே அம்மூட்டு பிழைப்பதும் பாழாவதும் பெருமளவு அமைகின்றன. பிசியோதெரபி எனப் பரவலாக அறியப்படும் இயன்முறை மருத்துவத்துக்குரிய காலம் அதுவே. ஹீமோஃபிலியா பற்றிய பேச்சு ஊசிமருந்து கிடைக்கிறதா இல்லையா என்ற கேள்வியோடு முடிந்துவிடும்வரை, உயிர் பிழைத்தும் நடக்க இயலாதவர்களின் எண்ணிக்கை குறையப்போவதில்லை.

நோயின் இயல்பு

இரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டப்பட வேண்டும். அவற்றுள் எட்டாம் காரணி குறைந்திருந்தால் அது ஹீமோஃபிலியா ‘ஏ’ என்றும், ஒன்பதாம் காரணி குறைந்திருந்தால் ஹீமோஃபிலியா ‘பி’ என்றும் வழங்கப்படுகிறது. இவ்விரு காரணிகளுக்குரிய மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் அமைந்திருப்பதால், ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம் கொண்ட ஆண்களிடமே நோய் பெரும்பாலும் வெளிப்படுகிறது. ஒரு லட்சம் ஆண் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் ஏறத்தாழ 25 பேருக்கு ‘ஏ’ வகையும் 5 பேருக்கு ‘பி’ வகையும் இருக்கும் என்பது அண்மைக் கால மதிப்பீடு. தாய்வழிக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல், மரபணுவில் புதிதாக ஏற்படும் மாற்றத்தால் இந்நோய் தோன்றுவதும் உண்டு. மூன்றில் ஒரு பங்கினரின் நிலை இதுவே என்பதால், குடும்பத்தில் இந்நோய் இருந்ததில்லை என்பதை வைத்து அதை விலக்கிவிட முடியாது.

நோயின் கடுமையை இரத்தத்தில் எஞ்சியிருக்கும் காரணியின் அளவே காட்டுகிறது. இயல்பான அளவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் கடுமையான நிலை என்றும், 1 முதல் 5 விழுக்காடு வரை இருந்தால் நடுத்தர நிலை என்றும், அதற்கு மேல் 40 விழுக்காடு வரை இருந்தால் மிதமான நிலை என்றும் பிரிக்கப்படுகிறது. கடுமையான நிலையில் இருப்பவர்களுக்கு அடிபடாமலேயே, வெளிப்படையான எந்தக் காரணமும் இல்லாமல், மூட்டுக்குள் இரத்தம் கசிவதுண்டு. குழந்தை தவழ்ந்து, எழுந்து நின்று, நடக்கக் கற்றுக்கொள்ளும் பருவத்தில், அதாவது மூட்டுகள் உடலின் சுமையைத் தாங்கத் தொடங்கும் அதே வேளையில், முதல் மூட்டுக்கசிவும் பெரும்பாலும் வந்துவிடுகிறது.

மூட்டுக்குள் நிகழ்வது என்ன?

அசையும் மூட்டு ஒவ்வொன்றையும் உட்புறமாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம் மூட்டுச்சவ்வு எனப்படுகிறது. எலும்பு முனைகள் உரசாமல் வழுக்கிச் செல்வதற்கான திரவத்தைச் சுரப்பதும், மூட்டுக்குள் சேரும் கழிவுகளை அகற்றுவதும் இச்சவ்வின் பணிகள். இதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மிகுதி. உறைவுக் காரணி இல்லாத உடலில் இக்குழாய்களில் ஒன்று கசியத் தொடங்கினால், மூட்டின் உள்வெளி நிரம்பி அழுத்தம் ஏறும்வரை கசிவு தொடர்கிறது.

தேங்கிய இரத்தத்தை அகற்றும் வேலையும் மூட்டுச்சவ்வையே சேர்கிறது. சிவப்பணுக்கள் சிதைந்து வெளிப்படும் இரும்புச்சத்தைச் சவ்வின் செல்கள் உள்வாங்குகின்றன. அளவுக்கு மீறிச் சேரும் இரும்பு அழற்சியைத் தூண்ட, சவ்வு தடித்து வீங்கி, அதற்குள் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. புதிதாக முளைத்த இக்குழாய்கள் பழையவற்றைக் காட்டிலும் நொய்ம்மையானவை என்பதால், சாதாரண அசைவிலேயே அறுபட்டு மீண்டும் கசிகின்றன. கசிவு அழற்சியை வளர்க்கிறது. அழற்சி அடுத்த கசிவுக்கு வழி செய்கிறது. ஒரே மூட்டில் ஆறு மாதங்களுக்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை தானாகக் கசிவு ஏற்பட்டால் அதை ‘இலக்கு மூட்டு’ என மருத்துவர்கள் குறிக்கின்றனர். இச்சுழற்சி அங்கே வேரூன்றிவிட்டது என்பதே அதன் பொருள்.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு இன்னொரு பக்கம் நேரடியாகவே தாக்கப்படுகிறது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லாததால், அது சிதைந்தால் தன்னைத்தானே சீரமைத்துக்கொள்ளும் திறன் மிகக் குறைவு. மனிதக் குருத்தெலும்பைச் சில நாட்கள் இரத்தத்தில் வைத்திருந்தாலே, அதன் செல்கள் புதிய கட்டமைப்புப் பொருளை உருவாக்கும் ஆற்றலை நெடுங்காலத்துக்கு இழந்துவிடுகின்றன என்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் காட்டியிருக்கின்றனர். ஒரு கசிவைச் சில நாட்கள் கவனிக்காமல் விடுவதன் விலை எவ்வளவு என்பதற்கு இந்த ஆய்வே போதிய சான்று.

ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரான்ஸ் கோனிக் 1892ஆம் ஆண்டிலேயே இம்மூட்டு நோயை மூன்று கட்டங்களாக விவரித்திருந்தார்: முதலில் மூட்டுக்குள் இரத்தம் தேங்குதல், அடுத்து மூட்டு முழுவதும் பரவும் அழற்சி, இறுதியில் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிப்போதல். இந்த மூன்றாம் கட்டத்துக்குப் போகும் பாதையில் தசைகளுக்கும் பங்குண்டு. வீங்கி வலிக்கும் முழங்காலிலிருந்து செல்லும் நரம்புச் செய்திகள், தொடையின் முன்புறத்தில் உள்ள நான்குதலைத் தசை முழுவலிமையோடு சுருங்குவதைத் தடுத்துவிடுகின்றன. சில நாட்களிலேயே அத்தசை மெலியத் தொடங்குகிறது. முழங்காலை நேராக்கி நிறுத்தும் காவலான அத்தசை தளர்ந்தவுடன், ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் ஏற்கெனவே புண்பட்ட சவ்வின்மீது இறங்குகிறது. மெலிந்த தசை அடுத்த கசிவை அழைக்கும் இந்த இடத்தில்தான், மருந்தால் மட்டும் முறிக்க முடியாத சுழற்சியை இயன்முறை மருத்துவம் முறிக்கிறது.

முதல் நாட்கள்: காரணியும் ஓய்வும்

மூட்டுக்கசிவு வீக்கமாக வெளிப்படுவதற்கு முன்பே, அனுபவப்பட்ட நோயர் பலர் அதை உணர்ந்துவிடுகின்றனர். மூட்டுக்குள் குறுகுறுப்பு, இறுக்கம், இனம்புரியாத ஒரு சங்கடம் ஆகியவை முதல் அறிகுறிகள். வெப்பமும் வீக்கமும் கடும் வலியும் பின்னரே வருகின்றன. பேசத் தெரியாத குழந்தையிடத்தில், ஒரு காலை ஊன்ற மறுப்பதும், ஒரு கையைப் பயன்படுத்தாமல் தவிர்ப்பதும், காரணமின்றி அழுவதுமே அடையாளங்கள். வீக்கம் வரட்டும் என்று காத்திராமல், ஐயம் எழுந்தவுடனேயே காரணியைச் செலுத்திவிட வேண்டும் என்பது இச்சிகிச்சையின் முதல் விதி. எவ்வளவு விரைவில் கசிவு நிற்கிறதோ அவ்வளவு குறைவாக இரத்தம் தேங்கும். அவ்வளவு குறுகிய காலத்தில் மூட்டு மீளும்.

காரணி செலுத்தப்பட்ட பிறகு முதல் ஓரிரு நாட்கள் மூட்டுக்கு ஓய்வு தேவை. வலி குறைவாக இருக்கும் நிலையில், முழங்காலாயின் சற்றே மடக்கிய நிலையில், மூட்டைத் தாங்கிப்பிடித்து உயர்த்தி வைப்பதும், நெகிழ்துணிக் கட்டால் மென்மையாக அழுத்தம் தருவதும், காலை ஊன்றாமல் ஊன்றுகோலின் துணையோடு நடப்பதும் இக்கட்டத்தின் நடைமுறைகள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைப்பது வலியைத் தணிக்கும். எனினும் குளிர்ச்சி இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்ற கருத்து இப்போது முன்வைக்கப்படுவதால், அதை வலிக்கான துணையாக மட்டும் அளவோடு பயன்படுத்துவதே முறை. காரணிக்கு அது மாற்றாகாது.

இக்கட்டத்தில் நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் சில செயல்கள் பெருந்தீங்காய் முடிகின்றன. வீங்கிய மூட்டைச் சுளுக்கு எனக் கருதி எண்ணெய் தேய்த்து நீவுவதும், உருவி இழுத்துச் சுளுக்கெடுப்பதும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் நின்றுகொண்டிருக்கும் கசிவை மீண்டும் திறந்துவிடும். வலிக்காகக் கடையில் வாங்கும் மாத்திரைகளிலும் எச்சரிக்கை வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை இரத்தத் தட்டணுக்களின் செயலைக் குறைத்து இரத்தப்போக்கை மிகுவிப்பதால் அவை தவிர்க்கப்பட வேண்டியவை; பாரசிட்டமால் முதல் தேர்வாகிறது. தசைக்குள் போடப்படும் ஊசி, அது வலிக்கான ஊசியே ஆயினும், தசைக்குள் புதிய கசிவை உண்டாக்கும் என்பதால் அதுவும் கூடாது.

இன்னொரு பிழை கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. முழங்காலுக்குக் கீழே தலையணையை வைத்தால் வலி குறைகிறது. வலி குறைவதால் அது அங்கேயே நாள்கணக்கில் இருந்துவிடுகிறது. முதல் ஓரிரு நாட்களுக்கு மட்டுமே பொருந்தும் அந்த மடங்கிய நிலை வாரக்கணக்கில் நீடிக்கும்போது, தொடையின் பின்புறத் தசைகளும் மூட்டின் பின்பக்க உறையும் சுருங்கி, கால் நிமிராமலேயே நிலைத்துவிடுகிறது. ஓய்வு எங்கே முடிய வேண்டும் என்பதைச் சரியாகத் தீர்மானிப்பது இயன்முறை மருத்துவரின் முதல் பொறுப்பாகிறது.

அசைவுக்குத் திரும்புதல்

வலியும் வீக்கமும் தணியத் தொடங்கியதும் பயிற்சி தொடங்குகிறது. அதன் முதற்படியில் மூட்டு அசைவதில்லை. காலை நீட்டிப் படுத்தபடி, முழங்காலைத் தரையை நோக்கி அழுத்துவதுபோல் தொடைத் தசையை மட்டும் இறுக்கிச் சில நொடிகள் வைத்திருந்து தளர்த்தும் இப்பயிற்சி, மூட்டை அசைக்காமலேயே தசையை விழிக்கவைக்கிறது. வலி அனுமதிக்கும் அளவுக்கு நோயர் தாமாகவே மூட்டை மடக்கி நீட்டுவது இரண்டாம் படி. இங்கே முதன்மையான விதி, அசைவு நோயருடைய முயற்சியாலேயே நிகழ வேண்டும் என்பதாகும். பிறர் கையால் வலிந்து மடக்குவதும் நீட்டுவதும் ஆறிவரும் சவ்வைக் கிழித்துவிடும். மூட்டு முழு அளவுக்கு நிமிர்ந்து மடங்கத் தொடங்கியபின், எடை தாங்கும் பயிற்சியும், நெகிழ்பட்டையும் சிறு எடையும் கொண்டு செய்யும் வலுவூட்டலும் படிப்படியாகச் சேர்கின்றன.

இறுதிப்படி சமநிலைப் பயிற்சி. மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பாராமலேயே மூளைக்கு அறிவிக்கும் உணர்வு, கசிவால் சேதமுற்ற மூட்டில் மழுங்கிப்போகிறது. மேடுபள்ளத்தில் கால் வைக்கும்போது கணுக்கால் பிசகுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒற்றைக் காலில் நிற்பது, மெத்தை விரிப்பின்மீது நிற்பது, திசை மாறி நடப்பது போன்ற பயிற்சிகள் அவ்வுணர்வை மீட்டுத் தருகின்றன. வலி இல்லாமற்போனதையே குணமடைந்ததன் அடையாளமாகக் கொள்வது தவறு; கசிவுக்கு முன்பிருந்த அசைவின் அளவும் தசையின் வலிமையும் முழுமையாகத் திரும்பும்வரை பயிற்சி தொடர வேண்டும். மூட்டுக்குள் இரத்தம் இன்னும் எஞ்சியிருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் கருவியால் படுக்கையருகிலேயே பார்த்துவிடும் முறை இப்போது வளர்ந்திருப்பதால், கால் ஊன்றும் நாளை முன்பைவிடத் திருத்தமாகத் தீர்மானிக்க முடிகிறது.

இப்பயிற்சிகளை உறைவுக் காரணியின் போக்கோடு இணைத்துத் திட்டமிட வேண்டியிருப்பது ஹீமோஃபிலியாவுக்கே உரிய தேவை. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு யூனிட் வீதம் செலுத்தப்படும் எட்டாம் காரணி, இரத்தத்தில் அதன் அளவை ஏறத்தாழ 2 விழுக்காடு உயர்த்துகிறது. ஆனால் 8 முதல் 12 மணி நேரத்தில் அது பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஒன்பதாம் காரணி பாதியாவதற்கு 18 முதல் 24 மணி நேரம் ஆகிறது. ஆகவே கடினமான பயிற்சியை ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இரத்தவியல் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் ஒரே அணியாக இயங்கும் இடங்களில் இந்த ஒருங்கிணைப்பு எளிதாகிறது. தனித்தனியாக இயங்கும் இடங்களில் நோயரே இருவருக்கும் நடுவே செய்தி சுமக்க நேர்கிறது.

தசைக்குள் கசியும்போது

மூட்டுக்கு அடுத்தபடியாகக் கசிவு ஏற்படுவது தசைகளுக்குள். அவற்றுள் மிகுந்த கவனம் வேண்டுவது, இடுப்பெலும்பின் உட்புறத்திலிருந்து தொடைவரை செல்லும் இலியோசோவாஸ் தசையில் ஏற்படும் கசிவு. அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் வலி எடுக்கும். தொடையை நீட்ட முடியாமல் நோயர் குனிந்தே நடப்பார். வலப்புறத்தில் ஏற்பட்டால் குடல்வால் அழற்சி என்று தவறாகக் கருதப்படும் ஆபத்தும் உண்டு. அருகில் செல்லும் தொடை நரம்பு அழுத்தப்பட்டால் தொடையின் முன்பகுதி மரத்துப்போய், முழங்கால் வலுவிழக்கும். இத்தகைய கசிவில் படுக்கை ஓய்வும் தொடர் காரணிச் சிகிச்சையும் இன்றியமையாதவை. வலி மறைந்தவுடனே எழுந்து நடந்தால் மீண்டும் கசியும் வாய்ப்பு மிகுதி என்பதால், தொடை முழுமையாக நிமிரும்வரை பல வாரங்கள் கண்காணிப்போடு கூடிய பயிற்சி தேவைப்படுகிறது. கெண்டைக்கால் தசையில் ஏற்படும் கசிவு குதிகால் தரையில் படாத நிலையையும், முன்கைத் தசைகளில் ஏற்படும் கசிவு விரல்கள் மடங்கிச் செயலிழக்கும் நிலையையும் உண்டாக்கவல்லவை.

மடங்கி இறுகிய மூட்டு

காரணி கிடைக்காமலோ தாமதமாகக் கிடைத்தோ ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவர்களிடம் இயன்முறை மருத்துவர் காண்பது, ஏற்கெனவே இறுகிவிட்ட மூட்டை. முழங்கால் நிமிராமல் போனால் அந்தக் கால் குட்டையாகி, இடுப்பும் முதுகும் சாய்ந்து, மறுகாலின் கணுக்கால்மீது மிகைச்சுமை ஏறுகிறது. ஒரு மூட்டின் கேடு இவ்வாறு மற்ற மூட்டுகளுக்கும் பரவுகிறது. வலிமையைப் பயன்படுத்திக் காலை நிமிர்த்த முயன்றால், கீழ்க்கால் எலும்பு தொடை எலும்பின் பின்புறமாகச் சரிந்து, முன்பிருந்ததைவிடப் பெரிய ஊனத்தைத் தரும். இறுகிய மூட்டைப் பொறுமையாக வென்றெடுப்பதற்கான வழிகளுள் ஒன்று தொடர் மாவுக்கட்டு. மூட்டு எவ்வளவு நிமிர்கிறதோ அந்த நிலையில் கட்டுப்போட்டு, சில நாட்களில் அதைக் கழற்றிப் பயிற்சி தந்து, கூடுதலாகக் கிடைத்த சில பாகை அளவில் மீண்டும் கட்டுப்போடும் இம்முறை, காரணியின் பாதுகாப்போடு வாரக்கணக்கில் தொடர்கிறது. மீட்ட நிலையை இரவில் அணியும் தாங்குபட்டைகளும், காலணிக்குள் வைக்கும் உள்ளடிகளும், குட்டையான காலுக்கான குதி உயர்த்தலும் காத்துத் தருகின்றன.

தடித்த மூட்டுச்சவ்வைக் கதிரியக்க மருந்தால் சுருங்கச் செய்யும் சிகிச்சையும், முற்றிலும் தேய்ந்த மூட்டை மாற்றும் அறுவையும் சிலருக்குத் தேவைப்படும். அப்போதும் அறுவைக்கு முன் தசைகளை வலுப்படுத்துவதும், அறுவைக்குப்பின் அசைவை மீட்பதும் இயன்முறை மருத்துவத்தின் பணிகளே. பயிற்சி இல்லாமல் பொருத்தப்பட்ட செயற்கை மூட்டு, நல்ல மூட்டாக இருந்தும் நடக்க உதவாமற்போகக்கூடும்.

நாள்பட்ட வலி

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி நாள்பட்ட வலி எனப்படுகிறது. ஹீமோஃபிலியா உடையவர்களில் பாதிக்கு நெருக்கமானோர் இத்தகைய வலியோடு வாழ்கின்றனர் என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரியவருகிறது. இவர்களுக்கு இரண்டு வேறுபட்ட வலிகள் உண்டு. புதிய கசிவால் எழும் வலி திடீரென வந்து, வெப்பத்தோடும் வீக்கத்தோடும் கூடி, காரணி செலுத்தியதும் தணிகிறது. சேதமுற்ற மூட்டால் எழும் வலி, காலையில் எழும்போது விறைப்பாகவும் நெடுநேரம் நின்றபின் நோவாகவும் வந்து, காரணிக்குக் கட்டுப்படாமல் நிற்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாதபோது, ஒருபுறம் விலைமதிப்புள்ள காரணி தேவையின்றிச் செலவாகிறது. மறுபுறம் உண்மையான கசிவு பழைய வலியாகக் கருதப்பட்டு விடப்படுகிறது. மூட்டின் சுற்றளவையும் அசைவையும் வழக்கமாக அளந்து பதிவுசெய்து வைத்திருக்கும் இயன்முறை மருத்துவரால் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது.

வலி பல்லாண்டுகள் நீடிக்கும்போது நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்து, சிறு தூண்டலையும் பெரு வலியாகப் பெருக்கத் தொடங்குகிறது. அதனோடு அச்சமும் சேர்கிறது. ஒவ்வோர் அசைவும் ஒரு கசிவைக் கொண்டுவரலாம் என்று குழந்தைப் பருவம் முதல் எச்சரிக்கப்பட்டு வளர்ந்தவர், அசைவையே தவிர்க்கக் கற்றுக்கொள்கிறார். தவிர்ப்பதால் தசை மெலிகிறது, எலும்பின் அடர்த்தி குறைகிறது, உடல் எடை ஏறுகிறது, மூட்டின் சுமை கூடுகிறது, வலியும் கூடுகிறது. இவ்வச்சத்துக்கு நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது பட்டறிவிலிருந்து பிறந்தது. ஆகவே அறிவுரையால் அதை அகற்ற முயல்வதைவிட, பாதுகாப்பான அளவில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் சிறிது கூட்டி, அசைந்தும் கசியவில்லை என்ற புதிய பட்டறிவை உடலுக்கே கொடுப்பதுதான் பயன்தருகிறது.

நீருக்குள் செய்யும் பயிற்சி இதற்கு மிக ஏற்றது. மார்பளவு நீரில் நிற்கும்போது உடலின் சுமையில் பெரும்பகுதியை நீரே தாங்கிக்கொள்வதால், தரையில் வலிக்கும் அசைவு நீரில் வலியின்றி நிகழ்கிறது. அதே நேரத்தில் நீரின் தடை தசையை வலுப்படுத்துகிறது. ஹீமோஃபிலியாவுக்கான உடற்பயிற்சி பற்றி 2016இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, எட்டுச் சிறு ஆய்வுகளை ஆராய்ந்து, வலி, அசைவு, தசை வலிமை ஆகியவற்றில் முன்னேற்றம் இருப்பதையும், பெரியவர்களின் வலியைத் தணிப்பதில் தரைப் பயிற்சியைவிட நீர்ப் பயிற்சி சிறந்திருப்பதையும் எடுத்துக்காட்டியது. ஆய்வுகள் சிறியவை என்பதால் சான்றுகளின் உறுதி குறைவு என்பதையும் அத்தொகுப்பு மறைக்கவில்லை. மின்தூண்டலால் வலியுணர்வைத் தணிக்கும் டென்ஸ் கருவி, மூச்சுப்பயிற்சி, உறக்க ஒழுங்கு, மனநல ஆலோசனை ஆகியவை பயிற்சியோடு சேர்ந்து துணைபுரிகின்றன.

வேலூர் தந்த அளவுகோல்

சிகிச்சையால் பயன் விளைந்ததா என்பதை அறிய அளவுகோல் வேண்டும். இரு முழங்கால், இரு கணுக்கால், இரு முழங்கை ஆகிய ஆறு மூட்டுகளிலும் வீக்கம், தசை மெலிவு, அசைவிழப்பு, வலி, வலிமை முதலியவற்றைச் சோதித்து, நடையையும் சேர்த்து மதிப்பிடும் ஹீமோஃபிலியா மூட்டு நல மதிப்பெண் முறை உலகெங்கும் பயன்படுகிறது. மொத்தம் 124 மதிப்பெண் கொண்ட இம்முறையில், பூச்சியம் என்பது நலமான மூட்டுகளைக் குறிக்கும். குழந்தைகளின் மூட்டில் தோன்றும் மிகச் சிறு மாற்றத்தையும் பிடிப்பதற்காக இது உருவாக்கப்பட்டது.

ஆனால் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்ற கணக்கால் மட்டும் ஒருவருடைய வாழ்க்கையை அளந்துவிட முடியாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும் மறுவாழ்வுத் துறையினரும் உருவாக்கி 2005இல் வெளியிட்ட ‘ஹீமோஃபிலியாவில் செயல் சுதந்திர மதிப்பெண்’ என்னும் அளவுகோல் இந்தக் குறையை நிரப்பியது. உண்பது, குளிப்பது, உடுத்துவது, நாற்காலியிலிருந்து எழுவது, குந்தி உட்காருவது, நடப்பது, படியேறுவது, ஓடுவது ஆகிய எட்டுச் செயல்களையும் நோயரையே செய்யச்சொல்லிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் தருகிறது அதன் இன்றைய வடிவம். குந்தி உட்காருதல் இப்பட்டியலில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. தரையில் அமர்ந்து உண்ணவும், இந்திய முறைக் கழிப்பறையைப் பயன்படுத்தவும், வயலில் நடவுக்கும் களைக்கும் அமரவும் முழங்கால் முழுமையாக மடங்க வேண்டிய ஒரு நாட்டின் வாழ்வு, அதில் அளவாகியிருக்கிறது. வளரும் நாடுகளின் நோயரை முன்வைத்துப் பிறந்த இக்கருவி பின்னர் பல நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்தது.

மருந்துகள் மாறும் காலம்

காரணியைக் கசிவுக்குப் பின் செலுத்துவதைவிடக் கசிவு வராமலிருக்கவே ஒழுங்காகச் செலுத்தி வருவது மேலானது என்பதைச் சுவீடனின் மால்மோ நகரில் இங்கா மேரி நில்சன் 1958 முதல் நடைமுறையில் காட்டத் தொடங்கினார். நடுத்தர நிலையினருக்கு மூட்டுச் சிதைவு அரிதாகவே வருவதைக் கண்டதால், கடுமையான நிலையினரின் காரணி அளவையும் ஒரு விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்க அவர் முயன்றார். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 65 சிறுவர்களுள் முன்தடுப்புச் சிகிச்சை பெற்றவர்களில் 93 விழுக்காட்டினருக்கும், கசிவின்போது மட்டும் சிகிச்சை பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கும் ஆறு வயதில் மூட்டுகள் எம்.ஆர்.ஐ. படத்தில் சேதமின்றி இருந்தன. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எமிசிசுமாப், எட்டாம் காரணியின் வேலையைச் செய்வதோடு, தோலுக்கடியில் வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ போட்டுக்கொள்ளக்கூடியதாய் இருப்பதால், ‘ஏ’ வகையினரின் வாழ்வைப் பெரிதும் மாற்றியிருக்கிறது. வேலூரில் மரபணுச் சிகிச்சை பெற்ற ஐந்து ‘ஏ’ வகையினரைப் பற்றிய ஆய்வறிக்கை 2024 இறுதியில் வெளிவந்தது.

இம்முன்னேற்றங்கள் இயன்முறை மருத்துவத்தின் தேவையைக் குறைத்துவிடும் என்று எண்ணத் தோன்றும். மருந்து அடுத்த கசிவைத் தடுக்கும். தேய்ந்த குருத்தெலும்பையோ மெலிந்த தசையையோ மடங்கிய முழங்காலையோ அது மீட்டுத் தராது. மேற்சொன்ன 2007ஆம் ஆண்டு ஆய்விலேயே, வெளிப்படையாக ஒருமுறையும் கசியாத சில மூட்டுகளிலும் சேதம் காணப்பட்டது. அறிகுறியின்றி நிகழும் நுண்கசிவுகள் இருக்கக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது. கசிவுகள் அரிதாகும்போது, பெற்றோரும் பிள்ளையும் அவற்றை அடையாளம் காணும் பழக்கத்தை இழந்துவிடவும் கூடும். ஆகவே மூட்டுகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அளந்து பதிவுசெய்வது புதிய மருந்துகளின் காலத்தில் முன்னிலும் தேவையாகிறது. பாதுகாப்பாக ஓடியாடும் வாய்ப்பை மருந்து தருகிறது. அவ்வாய்ப்பைத் தாங்கும் உடலைப் பயிற்சிதான் தருகிறது. நீச்சலும் நடையும் மிதிவண்டியும் ஏற்றவை. குத்துச்சண்டை, கபடி போல உடலோடு உடல் மோதும் ஆட்டங்கள் கடுமையான நிலையினருக்கு ஏற்றவையல்ல.

செய்ய வேண்டியவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஹீமோஃபிலியாவைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஊனம் ஏற்பட்டபின் அதற்குச் சான்றிதழ் வழங்குவது அரசின் கடமை என்றால், ஊனமே ஏற்படாமல் தடுப்பது அதனினும் முற்பட்ட கடமை. உறைவுக் காரணி வழங்கப்படும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், இந்நோயில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர் அதே பிரிவில் இருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பும் நோயர் ஒவ்வொருவரும் அடுத்த நாளுக்கும் அடுத்த வாரத்துக்குமான பயிற்சிகளைக் கற்றுக்கொண்டே திரும்ப வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கோணம் அளக்கும் கருவியும், அளவுநாடாவும், நெகிழ்பட்டையும், கற்றுத்தரும் நேரமும் போதும். காரணி தட்டுப்பாடாக இருக்கும் இடங்களில், வலுவான தசையே கசிவைக் குறைக்கும் மலிவான காப்பு.

பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. உடற்பயிற்சி வகுப்பில் ஹீமோஃபிலியா உள்ள மாணவனை ஓரமாய் உட்கார வைப்பது இரக்கத்தால் செய்யப்படுவதே ஆயினும், அது அவனுடைய தசைகளை ஆண்டுதோறும் மெலியவைக்கிறது. அவனால் செய்யக்கூடியவை எவை என்பதைச் சிகிச்சை மையத்திடமிருந்து எழுத்தில் பெற்று, அவற்றைச் செய்யவைப்பதே ஆசிரியர் அவனுக்குச் செய்யும் உதவி. பெற்றோரும், அடிபட்டுவிடுமோ என்ற அச்சத்தில் பிள்ளையைத் தூக்கியே வளர்ப்பதை விட்டு, முழங்கால் காப்புறையோடு நடக்கவும் ஏறவும் விட வேண்டும்.

ஹீமோஃபிலியா உடைய குழந்தை உயிர் பிழைக்குமா என்பது ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. அக்கேள்விக்கு மருந்து விடை தந்துவிட்டது. அக்குழந்தை நாற்பது வயதில் தன் காலால் நடந்து வேலைக்குப் போகுமா, தரையில் அமர்ந்து எழுமா, வலியில்லாமல் உறங்குமா என்பவையே இன்றைய கேள்விகள். காரணிக்கு நிதி ஒதுக்குகையில் இயன்முறை மருத்துவருக்கும் சேர்த்தே இடம் ஒதுக்கும் நிர்வாகமும், ஊசியைப் போலவே பயிற்சியையும் தவறவிடாத குடும்பமும் அமைந்தால், அக்கேள்விகளுக்கும் ஆம் என்றே விடை சொல்ல முடியும்.